ஆடு முட்டிய கதை

முதல் மடக்கு தொண்டையில் இறங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்றுவிட்டேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்த பவேரியப் பெரியவரின் முழங்கையை இடித்து, மேலுதட்டில் நுரை மீசையோடு, குவளையைத் தலைக்கு மேலே தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "மாப்ள, இது பீரே இல்லடா!" என்று கத்தினேன். அந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்தவன் எதிரே உட்கார்ந்திருந்த என் நண்பன் ஒருவன்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "உட்காருடா, மானம் போகுது" என்றான். போகட்டுமே! இத்தனை நாள் கழித்தும் யாராவது பீர் என்று வாயெடுத்தால் போதும், நான் அந்தக் குவளையில் தொடங்கிவிடுகிறேன். இப்போதெல்லாம் என் முன்னால் அந்தச் சொல்லையே யாரும் எடுப்பதில்லை.

இடம் ஆண்டெக்ஸ். ம்யூனிக்கில் எஸ்-8 ரயிலைப் பிடித்து, கடைசி நிறுத்தமான ஹெர்ஷிங்கில், அம்மர்சே ஏரிக்கரையில் இறங்கவேண்டும். அங்கிருந்து பஸ் இருக்கிறது. தயவுசெய்து அதில் ஏறாதீர்கள். கீன்டால் என்ற காட்டுப் பள்ளத்தாக்கு வழியாக, ஓடையைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடங்கள். நாங்கள் போனது மார்ச் மாதம். மரத்தில் ஓர் இலை இல்லை, பாதையோரம் அழுக்குப் பனி திட்டுத் திட்டாகக் கிடக்கிறது, ஷூவுக்குள் ஈரம், மூக்கு என்ற ஒன்று முகத்தில் இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்கவேண்டும், "இன்னும் எவ்வளவு தூரம்டா" என்று நண்பன் ஏழாவது முறை கேட்கிறான், அப்போது மொட்டைக் கிளைகளுக்கு மேலே வெங்காயத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு கோபுரம் தெரிகிறது பாருங்கள்! 1455-இல் தொடங்கிய பெனடிக்டைன் துறவிகளின் மடம். 'புனித மலை' என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். உள்ளே தேவாலயத்தில் யோஹான் பாப்டிஸ்ட் சிம்மர்மன் 18-ஆம் நூற்றாண்டில் செய்த தங்கமும் வெள்ளையுமான சுதை வேலை. இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் கல்லறையும் அங்கேதான். அரை நாள் நின்று பார்க்கவேண்டிய இடம். நான் பத்து நிமிடம் நின்றேன். மன்னிக்கவேண்டும், எனக்கு அந்தக் குவளை அவசரம்.

மடத்தின் பீர்க்கூடத்தில் பரிமாறுபவர் கிடையாது. நம்ம ஊர் கல்யாணப் பந்திக்கு வெளியே நிற்கிற மாதிரி வரிசையில் நின்று, காசு கொடுத்து, நாமே தூக்கிக்கொண்டு வரவேண்டும். வளைந்த கூரை, நீள நீள மர மேசை, முன்பின் தெரியாதவர்களோடு தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் பெஞ்சு. நண்பன் பன்றித் தொடைக்கறியை எடை போட்டு வாங்கினான். நான் உப்புக் கல் பதித்த, கையளவுக்கு மேல் விரிந்த ஒரு பிரெட்ஸலும், ஒபாட்ஸ்டாவும் வாங்கினேன்: நன்றாகப் பழுத்த பாலாடைக் கட்டியை வெண்ணெய், மிளகாய்ப் பொடி, வெங்காயம் போட்டுப் பிசைந்த ஆரஞ்சு நிற உருண்டை. பிறகு அரை லிட்டர் டொப்பல்பாக் டுங்கல். டுங்கல் என்றால் கருமை. டொப்பல்பாக் என்றால் என்ன என்பதற்கு ஒரு கதையே இருக்கிறது, வருகிறேன், முதலில் குடித்துவிடுவோம்.

அதுவரைக்கும் பீர் பற்றி எனக்கிருந்த ஞானம் என்ன? பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்த மஞ்சள் திரவம். அதன் ருசியே குளிர்ச்சிதான், குளிர்ச்சி போனால் ருசியும் போச்சு. கறுப்பாக இருந்தால் கசக்கும், எட்டிக்காய் மாதிரி கசக்கும் என்பது என் முடிவு. எவ்வளவு பெரிய முட்டாள்!

இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். குவளை உங்கள் கையில் இருக்கிறது. பார்க்கக் கறுப்பு, ஆனால் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் கறுப்பே இல்லை, ஓரமெல்லாம் மாதுளை முத்தின் சிவப்பு. மேலே காய்ச்சிய பாலின் ஆடை நிறத்தில் நுரை. மூக்கைக் கொண்டுபோங்கள். ஏதோ தெரிந்த வாசனை. எங்கேயோ, எப்போதோ, வீட்டுக்குள்ளேயே முகர்ந்த வாசனை. எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை, அப்புறம் பிடிபட்டது, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது: அம்மா கேழ்வரகை ஊறவைத்து, வெள்ளைத் துணியில் முடிந்து தொங்கவிட்டு, முளை வந்ததும் நிழலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் வறுப்பாள் பாருங்கள், வறுபட்டு முடிகிற கடைசி நிமிடத்தில் அடுக்களையிலிருந்து வாசல்வரைக்கும் வரும் அந்த வாசனை! ஆல்ப்ஸ் மலை தெரிகிற ஒரு சாமியார் மடத்தில் அம்மாவின் சத்துமாவு! நான் எழுந்து நிற்காமல் என்ன செய்வேன்?

யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. மால்ட் என்பது அதே வேலைதான். பார்லியை ஊறவைத்து, முளைவிட்டு, சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். ம்யூனிக் மால்ட் என்ற வகையைக் கொஞ்சம் கூடுதல் சூட்டில், 100 டிகிரியை ஒட்டி, பதமாக வாட்டுகிறார்கள். கருக்குவதில்லை, வாட்டுகிறார்கள், வித்தியாசத்தைக் கவனியுங்கள். தோசையின் ஓரம் முறுகுகிறதே, பன்னின் தலை பழுப்பாகிறதே, அங்கே நடக்கும் அதே மெயிலார்ட் வினைதான் தானியத்துக்குள்ளும் நடக்கிறது. அப்படிப் பிறக்கும் மெலனாய்டின்கள்தான் இந்த நிறம், இந்த மணம், இந்த ருசி எல்லாம். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. பழைய முறைப்படி செய்கிறவர்கள் மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கூழில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, இன்னொரு அண்டாவில் கொதிக்கவைத்து, திரும்பவும் கொண்டுவந்து கலக்கிறார்கள். சிலர் இரண்டு தடவை, சிலர் மூன்று தடவை. வெப்பமானி இல்லாத காலத்தில் கூழின் சூட்டைப் படிப்படியாக ஏற்றக் கண்டுபிடித்த தந்திரம் அது. இப்போது ருசிக்காகவே விடாமல் செய்கிறார்கள். அடுப்படியில் நிற்கும் கிழவிகளுக்கு உள்ள பொறுமை!

சரி, குடியுங்கள். கொஞ்சமாக. நாக்கின் நடுவில் ஒரு கணம் நிறுத்துங்கள். முதலில் வருவது ரொட்டி. ரொட்டியின் உள்பக்கம் இல்லை, அடுப்பை ஒட்டி நன்றாகச் சிவந்த அந்தத் தோல். அதன் பின்னாலேயே கருப்பட்டி. அப்புறம் பேரீச்சை, உலர்ந்த அத்தி, அடிபிடிக்கிற தருணத்தில் இறக்கிய பால்கோவாவின் விளிம்பு, இன்னும் சொன்னால் எங்கேயோ ஒரு மூலையில் கொக்கோ. இவ்வளவு இனிப்பும் வாயில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளப்போகிறது என்று நீங்கள் பயப்படும் நேரத்தில், ஹாப்ஸ் பூ வந்து மெல்ல ஒரு கசப்பைக் காட்டி, வாசலைப் பெருக்கிவிட்டுப் போகிற மாதிரி வாயைச் சுத்தம் செய்துவிட்டுப் போய்விடுகிறது! மிச்சம் இருப்பது நெஞ்சுக்குள் ஒரு கதகதப்பு. 7.1 சதவீதம் ஆல்கஹால், சாதாரண பீரைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஆனால் காரமே தெரிவதில்லை, போர்வைக்குள் கால் நீட்டுகிற சுகம்தான் தெரிகிறது. அதில்தான் ஆபத்தும். நான் அரைக் குவளையை ஒரே இழுப்பில் முடித்ததைப் பார்த்த அந்த முழங்கைப் பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "லாங்சாம், லாங்சாம்" என்றார். மெதுவாக, மெதுவாக. அவர் முன்னால் இருந்த குவளை நாங்கள் வந்தபோது இருந்த அளவிலேயே இருந்தது.

அவர் சொன்னதுதான் இந்தப் பீரின் மொத்த ரகசியமும் என்று பிறகு புரிந்தது. இது லாகர் வகை. லாகர் என்ற ஜெர்மன் சொல்லுக்கே கிடங்கு என்றுதான் பொருள். இதற்கான ஈஸ்ட் சூட்டில் துள்ளுகிற ஜாதி இல்லை. 10 டிகிரியை ஒட்டிய குளிரில் சாவகாசமாக வேலை செய்துவிட்டு அடியில் போய்ப் படிந்துவிடும். அப்புறம் உறையும் நிலைக்குப் பக்கத்திலான குளிரில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இருட்டில் கிடப்பு. அவசரப்பட்டு எடுத்தால் முனைகளெல்லாம் குத்தும். காத்திருந்தால் எல்லா முனையும் மழுங்கி, ஆற்றங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். ஈஸ்ட்டின் பழவாசனைக் குறும்பு எதுவும் குறுக்கே வராததால் தானியம் மட்டும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பாடுகிறது. அதைப் போய் ஒரே மூச்சில் குடித்தேனே!

இப்போது அந்தப் பெயர்க் கதை. இந்தப் பீரின் பூர்வீகம் பவேரியாவே கிடையாது என்றால் நம்புவீர்களா? வடக்கே ஐன்பெக் என்று ஓர் ஊர். அங்கே காய்ச்சிய கெட்டியான பீர் வண்டி வண்டியாக ம்யூனிக்குக்கு வந்து, பவேரிய ஆட்சியாளர்களின் பணத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. காசு கொடுத்து மாளாமல் கடைசியில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐன்பெக்கிலிருந்து எலியாஸ் பிக்லர் என்ற வித்தைக்காரரையே வரவழைத்து, அரண்மனையின் ஹோஃப்ப்ராய்ஹவுஸில் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஐன்பெக் என்ற பெயர் பவேரிய வாய்க்குள் போய்ப் புரண்டு 'ஐன்பாக்' ஆயிற்று. 'ஐன் பாக்' என்றால் அவர்கள் மொழியில் 'ஓர் ஆட்டுக்கடா'! ஊர்ப்பெயர் கடாவாகிவிட்டது. இன்றைக்கும் பாட்டில் லேபிள்களில் கொம்பு முறுக்கிய ஆடு நிற்பது அதனால்தான். இரண்டு குவளைக்குப் பிறகு முட்டும் என்பதற்கான எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளலாம், நான் அனுபவித்தேன்.

அந்த ஆட்டை டொப்பல்பாக், அதாவது இரட்டைக் கடா, ஆக்கியவர்கள் ம்யூனிக்கின் பவுலானர் துறவிகள். அவர்கள் காய்ச்சத் தொடங்கியதற்கு 1634-ஆம் ஆண்டிலேயே எழுத்துச் சான்று இருக்கிறது. அவர்களுடைய மடத்தில் விரதம் கடுமை. அதிலும் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வயிற்றைக் காயப்போடும் காலம். ஆனால் திரவம் விரதத்தை முறிக்காது என்று ஒரு விதி. அப்புறம் என்ன, ரொட்டியையே திரவமாக்கிவிட்டார்கள்! ஏகாதசிக்கு அரிசி கூடாது என்றால் ரவா உப்புமாவும் கிழங்கும் பலகாரமுமாக இலையை நிரப்பும் நம் பாட்டிகளுக்கு இந்தத் துறவிகளை மிகவும் பிடித்திருக்கும். இந்தக் கெட்டிப் பீருக்குப் போப்பாண்டவரின் அனுமதி கேட்டு ஒரு பீப்பாயை ரோமுக்கு அனுப்பினார்களாம். ஆல்ப்ஸ் தாண்டி, இத்தாலிய வெயிலில் குலுங்கிக் குலுங்கிப் போனதில் அது புளித்துப் போயிற்றாம். ஒரு வாய் குடித்த போப், இதைக் குடிப்பதே பெரிய தவம்தான் என்று உடனே அனுமதி கொடுத்துவிட்டாராம். கதைதான், யார் சாட்சி? ஆனால் எனக்கு அது உண்மையாகவே இருக்கட்டும். 1773-இல் மடத்தின் காய்ச்சும் பொறுப்புக்கு வந்த பிரதர் பர்னபாஸ் அந்தப் பீரைச் செதுக்கிச் செதுக்கிச் சரியாக்கினார். அதுதான் சால்வாட்டர், மீட்பர் என்று பொருள். பெயர் புகழ்பெற்றதும் ஊரில் கண்டவர்களெல்லாம் தங்கள் கெட்டிப் பீருக்கும் சால்வாட்டர் என்று பெயர் வைக்க, 1890-களில் பவுலானர் பீர் நிறுவனம் அதைச் சட்டப்படி தனக்கென்று பதிந்துகொண்டது. மற்றவர்கள் விடுவார்களா? வாலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்: மாக்ஸிமாட்டர், ஆப்டிமாட்டர், ட்ரியும்ஃபாட்டர், அனிமாட்டர், செலிப்ரேட்டர்! எனக்கு இந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்வதே போதையாக இருக்கிறது. ரயிலில் திரும்பும்போது நான் இதைத் தாளம் போட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன் என்று நண்பன் சொல்கிறான். நம்புகிறேன்.

இன்றைக்கும் தவக்காலம் வந்தால் ம்யூனிக்கில் கெட்டிப் பீர்த் திருவிழாதான். நோக்கர்பெர்க் மேட்டில் சால்வாட்டர் பீப்பாயைத் திறந்து, அமைச்சர்களை எதிரே உட்காரவைத்து, மேடையிலிருந்து அவர்களை நார்நாராகக் கிழிக்கிறார்கள், தொலைக்காட்சியில் ஊரே பார்க்கிறது, அமைச்சர்களும் குவளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தே தீரவேண்டும். 1888-இல் அதே இடத்தில் குவளைகள் பறந்து ஒரு பெரிய அடிதடியே நடந்து, 'சால்வாட்டர் போர்' என்று பெயர் வாங்கியது. இத்தனை வழவழப்பான பீரைக் குடித்துவிட்டு எப்படிச் சண்டை போட்டார்களோ!

ஆண்டெக்ஸிலிருந்து வந்த அடுத்த சனிக்கிழமை நான் செய்த காரியத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான்கு பாட்டில் வாங்கினேன்: பவுலானர் சால்வாட்டர், 7.9 சதவீதம்; வைஹென்ஸ்டெஃபன் கோர்பினியன், 7.4; ஆயிங்கர் செலிப்ரேட்டர், 6.7, கூடவே என் ஆண்டெக்ஸ். ஒரு நோட்டு வாங்கினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்! நிறம், நுரை, மணம், ருசி, பின்ருசி என்று கட்டம் கட்டி, ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மேசைமேல் வைக்கவேண்டும், 10 டிகிரியைத் தொட்டால்தான் மணம் திறக்கும் என்று சமையலறை வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். அகலமான வயிறும் குறுகிய வாயும் உள்ள கண்ணாடிக் கோப்பை வேண்டும் என்று பக்கத்து வீட்டில் இரவல் கேட்டேன். நடுநடுவே நாக்கைக் கழுவ வெறும் ரொட்டி, தண்ணீர். யார் எது என்று தெரியக்கூடாது என்பதற்காக நண்பன் கோப்பைகளை மாற்றி மாற்றி வைக்க, நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணைக் கட்டினால் நிறத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் என்ன மாதிரி மாலை அது! நான்கும் பங்காளிகள்தான், ஒரே தானியம், ஒரே பிடிவாதம். 1516-இல் போட்ட பவேரியச் சட்டம் சொன்ன பார்லி, ஹாப்ஸ், தண்ணீர், கூட ஈஸ்ட், வேறு ஒன்றும் இல்லை. டொப்பல்பாக் என்று பெயர் போடவேண்டுமானால் நொதிப்பதற்கு முந்தைய சாற்றில் எடைக்கு 18 சதவீதமாவது மால்ட் சத்து கரைந்திருக்கவேண்டும் என்பது அங்கே கணக்கு, நால்வரும் அந்தக் கணக்கில் தேறியவர்கள். அப்படியிருந்தும் நான்கு முகம்! சால்வாட்டரின் நிறம் செம்பு, உடம்பு பயில்வான். கேரமலும் தேனுமாக வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. கோர்பினியனில் உலர்பழம் கூடுதல், அத்தி, கருந்திராட்சை, பின்னால் வறுத்த கொட்டை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான புனித கோர்பினியனின் பொதிக்குதிரையை ரோமுக்குப் போகும் வழியில் ஒரு கரடி அடித்துக்கொன்றுவிட, அவர் அந்தக் கரடியின் முதுகிலேயே மூட்டையை ஏற்றி நடத்திக்கொண்டு போனார் என்பது ஐதீகம். குடித்துப் பார்த்தால் மூட்டை தூக்கும் கரடி கண்முன்னால் நடக்கிறது, சத்தியமாக! செலிப்ரேட்டர்தான் நால்வரில் நளினம். ஆல்கஹால் குறைவு, நிறம் மற்றவற்றைவிடக் கறுப்பு, இனிப்பைக் காட்டிவிட்டு உடனே உலர்ந்து, ஃபில்டர் காபியின் கடைசிச் சொட்டு மாதிரி ஒன்றை விட்டுப்போகிறது. அடடா! பாட்டிலின் கழுத்தில் ஒரு குட்டி வெள்ளை ஆடு தொங்குகிறது, பிளாஸ்டிக்தான், அதைப் பார்த்ததும் நாற்பதைத் தாண்டிய ஓர் ஆள் கைதட்டிச் சிரித்தான் என்றால் அது யார் என்று கேட்காதீர்கள்.

குறையே இல்லையா என்று நண்பன் மாதிரி கறாராகக் கேட்பீர்கள். இனிப்பு பிடிக்காதவர்களுக்கு இரண்டாவது குவளை திகட்டலாம். மறுநாள் காலை தலைக்குள் ஓர் ஆடு கொஞ்ச நேரம் முட்டிக்கொண்டிருக்கும். வண்டிச் சாவியை முதலிலேயே வேறு யாரிடமாவது கொடுத்துவிடவேண்டும். அவ்வளவுதான், வேறு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கண்கட்டை அவிழ்த்துவிட்டு நண்பன் முடிவை வாசித்தான். உலகத்தில் இதற்கு ஈடே இல்லை என்று நான் ஒரு வாரமாகப் பீற்றிக்கொண்டிருந்த ஆண்டெக்ஸை, "இது சால்வாட்டர், கண்ணைக் கட்டினாலும் தெரியும்" என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். சால்வாட்டரை கோர்பினியன் என்றும், கோர்பினியனை ஆண்டெக்ஸ் என்றும். செலிப்ரேட்டர் ஒன்றுதான் சரி, அதுவும் கோப்பை வைக்கும்போது மேசையில் ஆடு விழுந்த சத்தம் கேட்டதால். மறுநாள் காபியோடு நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் முத்து முத்தாகக் கையெழுத்து, 'மணம்: கேழ்வரகு, வறுத்தது, லேசாக வெல்லம்' என்று, இரண்டாம் பக்கத்தில் வரி மலையேறுகிறது, மூன்றாம் பக்கத்தில் பழுப்பு வட்டம் ஒன்றும் 'அம்மாவுக்கு போன்' என்ற குறிப்பும், நான்காம் பக்கத்தில் கட்டத்தையெல்லாம் தாண்டி, 10-க்கு 14.

அந்தக் குட்டி ஆடு இப்போது என் வீட்டுச் சாவிக்கொத்தில் இருக்கிறது. அடுத்த தவக்காலத்துக்கு இரண்டு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வெப்பமானியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்பது நண்பனின் நிபந்தனை.